வேட்டியில் கறுப்புப் பொடி

குணமணி கப்பலை விட்டு இறங்கியபோது அவளுடைய கணவர் அம்பிகைபாகன் துறைமுகத்தில் விரித்த குடையோடு நின்றார். அப்போது மழையும் இல்லை, வெயிலும் இல்லை. ஏன் குடை என்று அவளுக்கு விளங்கவில்லை. கல்யாணம் முடிந்து யாழ்ப்பாணத்தில் அவரோடு அவள் இருந்தது சில வாரங்கள்தான். லீவு முடிந்ததும் அவர் சிங்கப்பூர் திரும்பிவிட்டார். அதன்பின் ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, தூரத்து உறவான ஒரு குடும்பத்தின் துணையோடு, பினாங்கு வழியாக அவள் வந்து சேர்ந்தாள். இதற்குள் அவர் முகம்கூட அவளுக்குக் கொஞ்சம் மங்கியிருந்தது. மீசையை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொண்டாள்.

அது 1908ஆம் ஆண்டு. இரண்டு பேர் நெருக்கி உட்காரும் ரிக்‌ஷாவில் இருவரும் ஏறினார்கள். அவர் ஒரு பக்கத் தெருவைப் பார்த்தார், அவள் மறுபக்கத் தெருவைப் பார்த்தாள். பாதித் தூரம் போன பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வீட்டில ஒரு நாய் இருக்கு. பயப்பிட வேண்டாம், ஒண்டும் செய்யாது."

ஒரு வருஷம் பிரிந்திருந்த மனைவியிடம் அவர் சொன்ன முதல் வார்த்தைகள் அவைதான். பிற்காலத்தில் இதைச் சொல்லிச் சொல்லி அவள் சிரித்திருக்கிறாள். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. நாய் மேலே பட்டால் குளித்துவிட்டு வீட்டுக்குள் வரவேண்டும் என்ற ஒழுங்கில் வளர்ந்தவள் அவள். அவளுடைய தகப்பன் வீட்டு நாய் வேலிக்கு அப்பால் கிடக்கும். அதற்கு ஒரு பெயர்கூடக் கிடையாது.

அம்பிகைபாகனின் வீடு, சிராங்கூன் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில் இருந்தது. பக்கத்தில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக் காளவாய்கள் நிறைய இருந்தபடியால் அந்தப் பகுதியைத் தமிழர்கள் சுண்ணாம்புக் கம்பம் என்றே சொன்னார்கள். காளவாய்கள் குறைந்துபோன பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. வீடு பலகை வீடு. தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில், செங்கல் தூண்களின்மேல் நின்றது. தரைப் பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் அளவு இடுக்கு. பின்னால் மாட்டுக் கொட்டகைகள். அவற்றுக்கும் அப்பால் அன்னாசிப்பழத்தைச் சீனிப்பாகில் போட்டு டின்னில் அடைக்கும் தொழிற்சாலை. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் தெரு முழுக்கப் பாகு வாசம். இந்தப் பக்கமிருந்து அடித்தால் சாணி வாசம். அடிக்காவிட்டால் இரண்டும் சேர்ந்து நிற்கும். விடியும் முன்பே கறவைக்காரர்களின் குரல் கேட்கும். அதற்குப் பிறகு ரோட்டில் முதல் டிராம் மணியடித்துக்கொண்டு போகும். அந்த மணிதான் குணமணிக்கு உலை வைக்கும் நேரம்.

நாயின் பெயர் பூத்தே. மலாயில் வெள்ளை என்று பொருள். அந்த வீட்டில் முன்பு குடியிருந்த ஐரோப்பியக் கலப்புக் குடும்பம் மலாக்காவுக்குப் போனபோது அதை விட்டுவிட்டுப் போயிற்று. அம்பிகைபாகன் வாடகைக்கு வந்த நாளில் நாய் வாசற்படியில் உட்கார்ந்திருந்தது. இவரும் துரத்தவில்லை, அதுவும் போகவில்லை. உடம்பு முழுக்கப் பால்போல வெள்ளை, ஒரு காது மட்டும் பழுப்பு.

அவர் டேங்க் ரோடு ரயில் நிலையத்தில், சரக்கு ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக வேலை பார்த்தார். சாயங்காலம் வந்ததும் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுவார், கை கால் கழுவுவார், வெள்ளை வேட்டிக்கு மாறுவார், கான்வாஸ் நாற்காலியில் சாய்வார். பூத்தே வந்து அவர் பாதத்தின்மேல் பின்பக்கத்தை அழுத்தி உட்காரும். அவர் அதன் முதுகைத் தடவிக்கொண்டே மெதுவாகப் பேசுவார். ஆபீசில் நடந்தது, வண்டி பிந்தியது, மேலதிகாரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது, எல்லாம் நாய்க்குச் சொல்லுவார். அடுக்களையில் நின்று குணமணி கேட்டுக்கொண்டிருப்பாள். அவளிடம் அவர் பேசுவது "சாப்பாடு முடிஞ்சுதோ", "கதவைப் பூட்டினீரோ" என்ற அளவுதான். இவருக்குப் பேச வராது என்று நினைத்திருந்தாள். பேச வருகிறது, ஆனால் தன்னிடம் வரவில்லை என்று கண்டுகொண்ட அன்றைக்கு அவள் அடுப்புப் புகையைச் சாட்டி அழுதாள்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. ஊரில் மழை என்றால் பெய்துவிட்டு ஓயும். சிங்கப்பூர் மழை வேலைக்கு வருவதுபோல ஒவ்வொரு நாளும் வந்தது. பூத்தே சொறியத் தொடங்கியது அப்போதுதான். பின்னங்காலால் வயிற்றைச் சொறியும்போது கால் பலகையில் தட்டி, யாரோ கதவைத் தட்டுவதுபோலச் சத்தம் வரும். சொறிந்து முடித்தால் திரும்பி வால் அடியைப் பல்லால் குதறும். அந்த இடத்தில் மயிர் உதிர்ந்து, தோல் சிவந்து, ஈரமாகிவிட்டது. அம்பிகைபாகன் யாரோ ஆபீசில் சொன்னார்கள் என்று கொஞ்சம் மண்ணெண்ணெயைத் தொட்டுத் தடவினார். நாய் அலறிக்கொண்டு வீட்டுக்கு அடியில் ஓடி ஒளிந்தது. புண் இன்னும் பெரிதாயிற்று. அதன்பிறகு அவர் எதையும் தடவவில்லை.

அந்த மழைநாட்களில் அம்பிகைபாகனுக்கு இருமல் வந்தது. விடிகாலையில் எழுந்து நெடுநேரம் இருமுவார். ஏற்கெனவே மெலிந்த உடம்பு. கணுக்காலைச் சொறிந்துகொண்டே இருப்பார்.

ஒரு நாள் குணமணி அவருடைய வேட்டியைத் துவைக்க எடுத்தாள். மடிப்பில் மிளகுத்தூள் தூவினதுபோலக் கறுப்புப் பொடி கிடந்தது. அடுப்புக்கரியாக்கும் என்று உதறினாள். உதறியும் போகாதது ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீரில் முக்கினாள். ஒவ்வொரு கறுப்புப் புள்ளியிலிருந்தும் சிவப்பாக ஒரு நூல் கசிந்து, துணியில் பரவிற்று. விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தாள். இரத்தம்.

அவளுடைய தாய்மாமன் சயரோகத்தில், அதாவது காசநோயில், போனவர். சின்ன வயதில் அவர் படுத்திருந்த அறைக்கு வெளியே, இரத்தக்கறை பட்ட துணிகளை மாமி சாம்பல் போட்டுத் தேய்ப்பதை அவள் பார்த்திருக்கிறாள். இப்போது கொல்லைக் கிணற்றடியில் வேட்டியைக் கையில் பிடித்தபடி அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இருமல், மெலிவு, இரத்தம். அவர் மறைக்கிறார் என்று நினைத்தாள். இருமும்போது வேட்டி முனையால் வாயைத் துடைக்கிறார், நான் பார்க்காத நேரத்தில் துடைக்கிறார் என்று அவளே எல்லாவற்றையும் கற்பித்துக்கொண்டாள்.

கேட்டிருக்கலாம். ஆனால் "சாப்பாடு முடிஞ்சுதோ" என்ற அளவில் நிற்கும் ஒருவரிடம் "உங்களுக்குச் சயமோ" என்று எப்படிக் கேட்பது? கேளாமல் செய்யக்கூடியதை அவள் செய்தாள். காலையில் முட்டைக் கோப்பி. மத்தியானத்துக்கு உள்ளிப்பூண்டு ரசம். இராத்திரிக்கு முருங்கைக்கீரை. ஒவ்வொரு வேட்டியிலும் கறுப்புப் பொடி இருந்தது. ஒவ்வொன்றையும் அவர் கண்ணில் படாமல் துவைத்தாள். அவர் மறுபேச்சில்லாமல் வைத்ததையெல்லாம் சாப்பிட்டார். ஒரு நாள் காலையில் மட்டும், கோப்பியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "முட்டை விலை குறைஞ்சிட்டுதோ?" என்று கேட்டார்.

பின்பக்கக் கொட்டகையிலிருந்து பால் கொண்டுவருகிறவள் லட்சுமி. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண், குணமணியைவிடப் பத்து வயதாவது மூத்தவள், பேச்சு பலமாக இருக்கும். சயத்துக்கு ஆட்டுப்பால் நல்லது என்று ஊரில் சொல்லக் கேட்டிருந்த குணமணி, ஒரு நாள் காலையில் மெல்லக் கேட்டாள்.

"லட்சுமியக்கா, ஆட்டுப்பால் எங்க வாங்கலாம்?"

"ஆட்டுப்பாலா? யாருக்குக் கிராணியம்மா? புள்ளையா குட்டியா, யாருக்கு?"

குணமணிக்குக் கண்ணீர் வந்தது. லட்சுமி செம்பைக் கீழே வைத்தாள். என்னவென்று வற்புறுத்தவில்லை. "நாளைக்கிக் கொண்டாறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, சற்று நின்று, அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். அந்நிய ஊரில் தன்னை ஒருவர் ஆறுதலாகத் தொட்டது அதுதான் முதல் தடவை என்று குணமணி பிறகு சொல்லுவாள்.

அதற்குப் பிறகு வந்த ஒரு வெயில் நாளில்தான் விஷயம் வெளியானது. நெடுநாளைக்குப் பிறகு வெயில் என்பதால் குணமணி எல்லாத் துணியையும் துவைத்து, கொல்லையில் கட்டியிருந்த கயிற்றில் காயப் போட்டாள். காற்றில் ஒரு வேட்டி நழுவிப் புல்லில் விழுந்தது. அவள் அடுக்களையிலிருந்து பார்த்தபோது பூத்தே அந்த ஈர வேட்டியின்மேல் சுகமாகப் படுத்திருந்தது. எரிகிற தோலுக்கு அந்தக் குளிர்ச்சி இதமாக இருந்திருக்கும். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை நாள் அடக்கியதெல்லாம் நாயின்மேல் திரும்பியது. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஓடினாள். அடிக்கவில்லை, ஓங்கியதுமே பூத்தே எழுந்து, உடம்பை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு விலகிக்கொண்டது.

வேட்டியில், நாயின் பின்பக்கம் கிடந்த இடத்தில், கறுப்புப் பொடி தூவியிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு பொடியைச் சுற்றியும் ஈரத்தில் சிவப்பு வட்டம் விரிந்தது.

அவள் விளக்குமாற்றைக் கீழே போட்டாள். துவைத்த வேட்டி. சுத்தமாக அலசிய வேட்டி. அவர் காலையிலேயே டிராமேறிப் போய்விட்டார். இந்த இரத்தம் அவருடையது இல்லை. அதைத் திரும்பத் திரும்பத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"லட்சுமியக்கா" என்று வேலிக்கு அப்பால் பார்த்துக் கூப்பிட்டாள். அந்தக் குரலைக் கேட்டு லட்சுமி சாணிக்கையோடு ஓடிவந்தாள். வேட்டியைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள். நாயின் தலையை முழங்காலுக்குள் அமுக்கிப் பிடித்து, வால் அடியில் மயிரை விலக்கினாள்.

"இந்தாங்க, பாருங்க. ஓடுது பாருங்க."

பழுப்பு நிறத்தில், எள்ளைவிடச் சிறிதாக, பக்கவாட்டில் தட்டையாக ஒரு பூச்சி மயிருக்குள் புகுந்து மறைந்தது. இன்னொன்று துள்ளி எங்கேயோ போய்விட்டது.

"தெள்ளுப்பூச்சி கிராணியம்மா. ரத்தத்தக் குடிச்சிட்டு அங்கயே பேண்டு வைக்குது. அதான் இந்தப் பொடி. தண்ணி பட்டா மறுபடி ரத்தமாக் கரையும். எங்க கொட்டாயி நாய்க்கும் மழைக்காலத்துல வரும்."

"அப்ப, இது சொறி நோய் இல்லையோ?"

"சொறின்னா காதோரம், முழங்கை, மூஞ்சி, அங்கதான் மொதல்ல மயிரு போகும், தோலு தடிச்சிச் செதிலாக் கெளம்பும். இது வாலடியில. அதுவுமில்லாம பூச்சியத்தான் கண்ணால பாத்துட்டமே." லட்சுமி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். "இதுக்கா அப்புடிக் கூப்பிட்டீங்க?"

குணமணி அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது இரண்டு பேருமே புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். லட்சுமி சிரிக்கவில்லை. "ஆட்டுப்பால் இனி வேணாமில்ல" என்று மட்டும் கேட்டாள்.

அன்று சாயங்காலம் அம்பிகைபாகன் வந்து, கை கால் கழுவி, நாற்காலியில் சாய்ந்த பிறகு குணமணி அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள். வழக்கமாக அவள் அந்த நேரத்தில் வருவதில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இஞ்சருங்கோ, ஒரு கதை சொல்ல வேணும்."

"சொல்லும்."

"உங்கட வேட்டியில இரத்தம் கண்டனான். உங்களுக்குச் சயமெண்டு நினைச்சிட்டன்."

அவர் எழுந்து நேராக உட்கார்ந்தார். அவள் நிறுத்தாமல் நாயைப் பற்றியும் தெள்ளுப்பூச்சியைப் பற்றியும் சொல்லி முடித்தாள்.

"எப்ப இருந்து இப்பிடி நினைச்சுக்கொண்டிருந்தனீர்?"

"தீபாவளிக்கு முதல்."

"தனியவோ?"

அவள் தலையை ஆட்டினாள்.

"அதுதானோ ஒவ்வொரு நாளும் முட்டைக் கோப்பி?"

அவள் மறுபடியும் தலையை ஆட்டினாள். அவருடைய மீசை அசைந்தது. சிரிப்பா, வேறு ஏதாவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடியும் கழற்றித் துடைத்தார். "எனக்கு வந்தது வெறும் மழை இருமல்" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "இனி இப்பிடியான விஷயமெண்டால் உடனே கேட்டுவிடும்" என்றார். அவ்வளவுதான். ஆனால் அதுவரை அவர் அவளிடம் சேர்ந்தாற்போலப் பேசியதில் அதுதான் அதிகம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் சிராங்கூன் ரோட்டில் இருந்த நெய்னா முகம்மதுவின் கடைக்குப் போனார்கள். நாகூர்க்காரர், தாடி நரைத்தவர். மருந்துச் சரக்கும் மளிகையும் சேர்ந்த கடை. அரிசிச் சாக்குகளின்மேல் ஒரு பூனை படுத்திருந்தது. அம்பிகைபாகன் கந்தகமும் புகையிலையும் கேட்டார்.

"எதுக்கு?" என்றார் நெய்னா முகம்மது.

விஷயத்தைச் சொன்னதும் அவர் தலையசைத்தார். "கந்தகம் சொறிக்கு. தெள்ளுக்கு அது வேணாம். புகையிலைத் தண்ணியக் கையால தொடாதீங்க. குதிரை லாயத்துல ஒருத்தர் குட்டிநாய்க்கு ஊத்தினாரு. அது உடம்ப நக்கி, நுரை தள்ளிச் செத்துப்போச்சு. சவுக்காரம் போதும், தம்பி. கழுத்தச் சுத்தி மொதல்ல நல்லா நுரை போட்டுருங்க. இல்லாட்டி தண்ணி பட்டதும் அம்புட்டும் மேல ஓடிக் காதுக்குள்ள பூந்துக்கிரும். நுரையக் கொஞ்ச நேரம் ஊற விட்டு, அப்புறம் பேன்சீப்பால வாரி எடுங்க. வாரினதைச் சவுக்காரத் தண்ணியில போடுங்க, நசுக்கப் பாத்தா துள்ளிரும். புண்ணுல தேங்காயெண்ணெய் மட்டும் தடவுங்க."

பேன்சீப்பு குணமணியிடம் இருந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த மரச்சீப்பு, இரண்டு பக்கமும் நெருக்கமான பல். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து அதை எடுத்தாள். அம்பிகைபாகன் அதைப் பார்த்து, "உம்மட தலை சீவிற சீப்பெல்லோ" என்றார். "வேற வாங்கலாம்" என்றாள் அவள்.

அன்றைக்குத்தான் முதன்முதலாக அவள் நாயைத் தொட்டாள். அவர் பூத்தேயைப் பிடித்துக்கொண்டார். அவள் கழுத்தில் நுரை போட்டாள். நனைந்த நாய் அவள் நினைத்திருந்ததைவிடச் சின்னதாக, எலும்பும் தோலுமாக இருந்தது. பக்கத்துக் கோயில் வேம்பிலிருந்து லட்சுமி ஒடித்துத் தந்த இலையை அவித்து, ஆறவைத்த தண்ணீரால் கடைசியில் கழுவினாள். சீப்பில் வாரி வாரிக் கிண்ணத்தில் போட்டாள். தண்ணீர் பழுப்பாக மாறிற்று. பூத்தே முனகிக்கொண்டே இருந்தது. புண்ணில் எண்ணெய் பட்டதும் முனகலை நிறுத்திவிட்டு அவள் மணிக்கட்டை ஒரு தடவை நக்கியது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

நாலைந்து நாள் சொறிச்சல் இல்லை. பலகையில் தட்டும் சத்தம் இல்லாமல் வீடு அமைதியாக இருந்தது. பிறகு மறுபடியும் தொடங்கியது, முன்னைவிட மோசமாக. மறுபடி குளிப்பாட்டினார்கள். மறுபடி வந்தது. இப்போது குணமணியின் கணுக்காலைச் சுற்றியும் சிவப்புத் தடிப்புகள். ஒரு நாள் காலையில் அவள் கோப்பி வைக்கக் குனிந்தபோது அம்பிகைபாகன் அதைப் பார்த்துவிட்டார்.

"உமக்கும் கடிக்குதோ?"

"கொஞ்சம்தான்."

அவர் கோட்டை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய், திரும்பி வந்தார். நாயைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"முனிசிபாலிட்டி ஆக்கள் நாய் பிடிக்க வருவினம். அவையிட்டக் குடுத்துவிடலாம். உமக்கு இந்தக் கரைச்சல் வேண்டாம்."

பிடித்துக்கொண்டு போகும் நாய்களை என்ன செய்வார்கள் என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும். அவர் அந்த வார்த்தைகளைச் சொல்ல எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று அவளுக்கு விளங்கியது. இந்த வீட்டில் அவர் மனம்விட்டுப் பேசிய ஒரே ஜீவன். அதைத் தனக்காகக் கொடுக்கச் சம்மதிக்கிறார்.

"வேண்டாம்" என்றாள். அவளுடைய குரல் அவளுக்கே பலமாகக் கேட்டது. "குடுக்கக் கூடாது. நான் நெய்னா முகம்மது அண்ணரிட்டப் போய்க் கேட்கிறன்."

தனியாகவே போனாள். அதுவரை அவள் அந்தச் சந்துக்கு அப்பால் தனியாகப் போனதில்லை. கடைகளின் முன்னால் கூரைக்குக் கீழே ஓடும் அஞ்சடிப் பாதையோரமாக, ஆட்களுக்கு ஒதுங்கி ஒதுங்கிக் கடைவரை போய்ச் சேர்ந்தாள். நெய்னா முகம்மது அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, சாக்குமேல் கிடந்த பூனையைக் காட்டினார்.

"இதுக்கும் வந்துச்சும்மா. எத்தனை தடவை வாரியும் போகலை. அப்புறம்தான் புத்தி வந்துச்சு. அது மேல இருக்குறது கொஞ்சம்தான். முட்டையெல்லாம் கீழ உதிருது. சாக்குலயும் பலகை இடுக்குலயும் கெடந்து பொரிச்சு மறுபடி மேல ஏறுது. நாய் படுக்குற எடம் எது?"

"ஒரு கோணிச்சாக்கு. பகலில வீட்டுக்கு அடியில மண்ணில."

"சாக்கைக் கொளுத்திருங்க. பலகை மேல கொதிக்கிற தண்ணி ஊத்துங்க. அடி மண்ணைச் சுரண்டி வெளிய கொட்டி, நீத்துன சுண்ணாம்புத்தூளத் தூவுங்க. சுண்ணாம்புக் கம்பத்துல இருந்துக்கிட்டுச் சுண்ணாம்புக்கா பஞ்சம்? ஆனா நாய அந்தப் பக்கம் விட்டுராதீங்க, கால் வெந்துரும்."

அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தெருவே பார்த்தது. டேங்க் ரோடு கிராணியார், வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, தன் வீட்டுக்கு அடியில் தவழ்ந்து நுழைந்தார். மண்வெட்டியால் மண்ணைச் சுரண்டி வெளியே தள்ளினார். பூத்தேயை லட்சுமியின் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு மரத்தில் கட்டியிருந்தார்கள். அது இங்கே நடப்பதைப் பார்த்து ஓயாமல் குரைத்தது. அவர் ஒரு பக்கத்தைச் சுரண்டி முடித்து மறுபக்கத்துக்கு நகர்ந்த பிறகு, முடிந்த பக்கத்துக்கு மேலே குணமணி கொதிதண்ணீர் ஊற்றினாள். துடைப்பத்தால் இடுக்குகளைத் தேய்த்தாள். வேலை மும்முரத்தில், தனியாக இருக்கும்போது செய்வதுபோல, வாய்க்குள் தேவாரம் ஒன்றை இழுத்துப் பாடிக்கொண்டிருந்தாள்.

கீழே மண்வெட்டிச் சத்தம் நின்றது.

"நீர் பாடுவீர் எண்டு எனக்குத் தெரியாது" என்று பலகை இடுக்கு வழியாகக் குரல் வந்தது.

அவள் வெட்கப்பட்டு நிறுத்திவிட்டாள்.

"ஏன் நிப்பாட்டினீர்?"

"நீங்கள் கேட்கிறியள் எண்டு மறந்துபோனன்."

"நான் இருக்கிற நேரம் நீர் பாடுறதில்லை. ஒரு வருஷம் தனியச் சமைச்சுச் சாப்பிட்டு, கதைக்க ஆளில்லாமல் இருந்து, எனக்குக் கதைக்கிறது மறந்துபோச்சு. உம்மட முகத்தைப் பார்த்தால் சொல்ல வந்ததெல்லாம் தொண்டைக்குள்ள நிக்குது. நாயெண்டால் என்னத்தைச் சொன்னாலும் கேட்கும்."

அவள் துடைப்பத்தை வைத்துவிட்டு ஈரப் பலகையில் உட்கார்ந்தாள். இடுக்கு வழியாகப் பார்த்தால் அவர் துவாயின் ஒரு முனைதான் தெரிந்தது. முகம் தெரியாதது இரண்டு பேருக்குமே சௌகரியமாக இருந்தது.

"நானும் கேட்பன்" என்றாள்.

கீழே மண்வெட்டியை ஒரு பக்கம் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர், தன் தகப்பனார் செத்த செய்தி வந்த நாளில் ஆபீசில் சொல்லாமல் முழுநாளும் வேலை பார்த்ததைச் சொன்னார். அவள், கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே அழுததைச் சொன்னாள். துறைமுகத்தில் ஏன் குடை விரித்து நின்றீர்கள் என்று கேட்டாள். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, அதனால் என்றார் அவர். சுண்ணாம்பு தூவி முடிக்க மாலை ஆகிவிட்டது. வெளியே வந்தபோது அவருடைய மீசை வெள்ளையாக இருந்தது. லட்சுமி வேலிக்கு அப்பால் நின்று, "கிராணியார் ஒரே நாள்ல கெழவராயிட்டாரு" என்றாள்.

அதன்பிறகும் ஒரேயடியாகப் போய்விடவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் இரண்டு பேரும் நாயின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து வாரினார்கள். அவர் பிடித்துக்கொள்வார், அவள் வாருவாள். வாரியதை நனைத்த வெள்ளைத் துணியில் தட்டி, சிவக்கிறதா என்று பார்ப்பார்கள். புதுச் சாக்கை வாரத்துக்கொருதரம் அவித்துக் காயப் போட்டாள். சிவப்புப் புள்ளி நாளுக்கு நாள் குறைந்தது. தைப்பொங்கல் நெருங்கும்போது துணி வெள்ளையாகவே இருந்தது. வால் அடியில் கோழிக்குஞ்சு மயிர்போல மெல்லியதாக முளைத்தது. பூச்சி போன பிறகும் அவர்கள் வாருவதை விடவில்லை. நாய்க்கு அது வேண்டியிருக்கவில்லை, அவர்களுக்கு வேண்டியிருந்தது. அவர் ஆபீசில் நடந்ததைச் சொல்லுவார், அவள் தெருவில் நடந்ததைச் சொல்லுவாள். அன்னாசிப்பாகின் வாசம் வீட்டுக்குள் வரும். ரோட்டில் டிராம் மணி போகும்.

குணமணிக்கு அந்தச் சந்தில் ஒரு பெயர் ஏற்பட்டது. லட்சுமிதான் அதைப் பரப்பினாள். கொட்டகை நாய்கள், துணிக்கடைக்காரர் வீட்டு நாய், டிராம் டிரைவர் ஒருவரின் நாய் என்று அவளுடைய கொல்லைக்குக் கொண்டுவருவார்கள். அவள் முதலில் நனைத்த துணியை விரிப்பாள். பொடி விழுந்து சிவந்தால் சீப்பையும் சவுக்காரத்தையும் எடுப்பாள். எல்லாவற்றுக்கும் முதல், "இது எங்க படுக்கிறது?" என்று கேட்பாள். ஒரு தடவை காது மடல்கள் தடித்து, முழங்கையெல்லாம் செதிலாகக் கிடந்த நாயைக் கொண்டுவந்தார்கள். துணி சிவக்கவில்லை. "இது எனக்குத் தெரிஞ்ச வருத்தமில்லை. பந்தயத் திடல் பக்கத்தில குதிரை டாக்டர் இருக்கிறார், அவரிட்டக் காட்டுங்கோ" என்று அனுப்பிவிட்டாள். அது பிழைத்ததா என்று அவளுக்குத் தெரியவரவில்லை. நெடுநாள் அதை நினைத்துக்கொண்டிருந்தாள்.

மகன் பிறந்தான், பிறகு ஒரு மகள். மகள் பூத்தேயின் பழுப்புக் காதைப் பிடித்து நடக்கப் பழகினாள். முதல் உலக யுத்தம் தொடங்கிய வருஷம், ஒரு காலையில் பூத்தே எழுந்திருக்கவில்லை. வயதாகிவிட்டிருந்தது. வேலியோரம் அம்பிகைபாகனே குழி தோண்டினார். அன்று அவர் ஆபீசுக்குப் பிந்திப் போனார், அவருடைய உத்தியோகத்தில் ஒரே ஒரு தடவை.

பிறகு சம்பளம் கூடி, அவர்கள் செங்கல் வீட்டுக்கு மாறினார்கள். கொட்டகைகள் ஒவ்வொன்றாக அகன்றன. லட்சுமி மகனோடு ஜொகூர்ப் பக்கம் போய்விட்டாள். பலகை வீட்டை இடித்து வரிசைக் கடைகள் கட்டினார்கள். பென்ஷன் வந்ததும் அம்பிகைபாகன் ஊருக்குத் திரும்ப விரும்பினார், குணமணி மறுக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் கிணறும் பனையும் வாழையும் உள்ள வளவில் கல்வீடு கட்டினார்கள். எல்லாரும் அவளைக் கொடுத்துவைத்தவள் என்றார்கள்.

ஆனால் அங்கே மழை பெய்தால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. பின்வாசலில் தங்கையைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு சிங்கப்பூர்க் கதை சொல்லுவாள். ஒரு நாள் தங்கை, "அப்பிடி என்ன அக்கா அங்க இருந்தது? சாணி நாத்தம் எண்டுதானே எழுதினனீ" என்று கேட்டாள். குணமணி யோசித்தாள். காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தால் என்ன வாசம் வரும் என்று விளக்கத் தொடங்கினாள். கறவைக்காரர்களின் குரல், ரோட்டில் நீர் தெளிக்கும் மாட்டுவண்டி, லட்சுமியின் செம்பு, பலகை இடுக்கால் வந்த குரல் என்று சொல்லிக்கொண்டே போனாள். திரும்பிப் பார்த்தபோது தங்கை தூங்கிவிட்டிருந்தாள். மழை விட்டபாடில்லை. குணமணி தன் சேலைத் தலைப்பால் தங்கையின் காலைப் போர்த்திவிட்டு, மீதிக் கதையை அம்பிகைபாகனுக்குச் சொல்ல உள்ளே போனாள். அவருக்கு அது எல்லாம் தெரியும். இருந்தாலும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "சொல்லும்" என்றார்.